பல்கனிக்குள்ளாலை போன புகை

ஆரைத் தேடுறியள் ஐயா, மாடிவீட்டையோ? இந்த ஒழுங்கையை மூண்டுதரம் சுத்தியிட்டியள், அதுதான் கேட்டன். உள்ளை வாங்கோ. ஓம், இதுதான் சுமித்திராவின்ரை வீடு. நான் தமக்கை, ரஜிதா. ஏன் மேலை பாக்கிறியள்? மேலை கிடுகுக் கூரை மட்டும்தான்.

அந்தக் கதிரை ஆடும், மற்றதிலை இருங்கோ. கொழும்பிலையிருந்தே வாறியள்? ஓ, மாப்பிள்ளை ஜெயந்தன்ரை தாய்மாமனோ! நல்லதாப் போச்சு.

ஒளிக்கேல்லை ஐயா. இப்ப சம்பந்தம் பேச போட்டோ காணாதாம், வீடியோ வேணுமாம். வவுனியா ரவுணிலை ஸ்டூடியோ வைச்சிருக்கிற செல்வராசா அண்ணை வந்து, உந்த முருங்கையடியிலை கமராவை நட்டிட்டு, ஒருத்தரும் அதைத் தட்டக்கூடாது எண்டார். பிறகு கொம்பியூட்டரிலை ஒரு மாடிவீடு கீறி எங்கடை கொட்டிலுக்கு மேலை ஒட்டிவிட்டார். பல்கனி, பூச்சாடி எல்லாம் மூண்டே நாளிலை. மேசன்மார் எண்டால் அத்திவாரமும் வெட்டியிருக்க மாட்டினம்.

குசினி அடுப்புப் புகையை மட்டும் அண்ணை மறந்துபோனார். அது பல்கனியைக் கிழிச்சுக்கொண்டு மேலை போகுது. என்ரை மோள் குறுக்கை ஓடினவள், சுவரடியிலை வர ரெண்டு காலையும் காணேல்லை! பிடிபட்டால் கலியாணம் குழம்புமெண்டு சுமித்திரா அழுதவள். ஆர் கேட்டது? அம்மா அனுப்பிப்போட்டா.

எழும்பாதேங்கோ ஐயா, தேத்தண்ணியைக் குடியுங்கோ. சுமித்திராதான் போட்டவள்.

மாப்பிள்ளையின்ரை வீடியோவும் பாத்தனாங்கள். சுவிசாம், பின்னாலை பனிமலை. அந்தப் பனிக்குள்ளையும் பிள்ளைக்கு நெத்தியெல்லாம் வேர்வை. மலைக்கு மேலை ஒரு பறவை, செட்டை அடிக்காமல் அப்பிடியே தொங்குது. செல்வராசா அண்ணை மாடிவீடு வேணுமோ மலை வேணுமோ எண்டு எங்களுக்குக் காட்டினதும் அதே மலைதான் ஐயா. அதே பறவை. கொழும்பு ஸ்டூடியோக்காரரிட்டையும் அது இருக்காம்.

ஐயோ, புரைக்கேறிட்டுதோ? உச்சியிலை தட்டுங்கோ. தங்கச்சிக்கும் எல்லாம் தெரியும். அவளுக்குப் பிடிச்சதே அந்த வேர்வைதான்.

மாப்பிள்ளைத் தம்பி இன்னும் கொழும்பிலை லொட்ஜிலைதானே நிக்கிறார்? மாரிக்கு முதல் இந்தக் கூரையை வேயவேணும், ஒரு ஆள் குறையுது. பயணப் பாஸ் எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை ரயிலிலை ஒருக்கா வரச்சொல்லிவிடுங்கோ ஐயா.