கை ஆணியும் கம்பெனி ஆணியும்

ஏசியை நிறுத்தினால்தான் இந்த அறையில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கும், ரகுநாதன் சார். அதனால் நிறுத்திவிட்டேன். வியர்த்தால் சொல்லுங்கள், திரும்பப் போடுகிறேன். அந்தக் கட்டிலிலேயே உட்காருங்கள். அன்பரசன் படுத்திருந்த கட்டில்தான். அதற்குப் பிறகு அதில் படுக்க யாருக்கும் மனசு வரவில்லை.

நாகஜோதி உங்களுக்குச் சித்தப்பா மகள் என்றீர்கள். நீங்கள் துபாய் ஆபீசுக்கு மாற்றலாகி வருகிறீர்கள் என்றதும் அவள் கேட்டுக்கொண்டது இந்த ஒரு காரியம்தான் என்றும் சொன்னீர்கள். அவள் புருஷன் அன்பரசன் கண்மண் தெரியாமல் வண்டி ஓட்டித்தான் செத்தானா? போலீஸ் காகிதத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. பிள்ளைகுட்டிக்காரனுக்கு மலையில் என்ன விளையாட்டு என்று மாமியார் வீட்டில் இன்னும் பேசுகிறார்களாம். அவள் கேட்பது நியாயம்தான். உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். ஆபீசில் இருப்பவர்களுக்குப் பனியைப் பற்றித் தெரிந்திருக்க வழியில்லை.

எங்கள் ஒர்க்‌ஷாப் ஷார்ஜா தொழில்பேட்டையில் இருக்கிறது. மணலில் ஓட்டுகிற நாலு சக்கர பைக்குகளைச் சரிசெய்வதுதான் பிழைப்பு. முதலாளியை அர்பாப் என்போம். அர்பாப்புக்குப் பனியில் ஓட்டும் வண்டிமேல் ஒரு பைத்தியம். குளிர்காலம் வந்தால் வண்டிகளைக் கப்பலில் ஏற்றி லெபனான் மலைக்கு அனுப்பிவிட்டு, பின்னாலேயே கிளம்பிவிடுவார். கூட ஒரே ஒரு மெக்கானிக்கை அழைத்துப்போவார். மூன்று குளிர்காலம் அது நான்.

இப்போது துபாயில் ஒரு கட்டடத்துக்குள்ளேயே பனியைக் கொட்டி வைத்திருக்கிறார்கள், டிக்கெட் வாங்கினால் யாரும் பார்க்கலாம். அப்போது அப்படியில்லை. தொழிலாளிகள் தங்குகிற இந்த முவைலா கேம்ப்பில் பனியைக் கண்ணால் பார்த்தவன் நான் ஒருவன்தான். வெள்ளிக்கிழமை பிரியாணி முடிந்ததும் பக்கத்து அறைக்காரர்கள்கூட வந்து இந்தத் தரையில் உட்காருவார்கள். "ராக்கப்பண்ணே, அந்த மலைக் கதைய எடுத்து விடுங்க" என்பார்கள். சொன்னதையே சொல்வேன். வாயைத் திறந்துகொண்டு கேட்பார்கள். ஊரில் எனக்கு அண்ணன் தம்பி ஐந்து பேர், நான் பேசி எந்தச் சபையும் நின்றதில்லை. இங்கே நின்றது. அதற்குமேல் எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. சும்மா சொல்லவில்லை.

அந்த வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். முன்னால் சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு சறுக்குப் பட்டைகள். பின்னால் அகலமான ஒரு ரப்பர் பெல்ட். பெல்ட் சுழன்று தள்ளும், பட்டைகள் திருப்பும். புதுப் பனியில் வெறும் பெல்ட் போதும். பாதை இறுகிக் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டால் வழுக்கும், அப்போது பெல்ட்டில் ஆணி வேண்டும். நான் செய்தது கை ஆணி. ரப்பரில் ஓட்டை போட்டு, உள்ளேயிருந்து ஆணியைச் செலுத்தி, வெளியே தகடு வைத்து நட்டு முடுக்க வேண்டும். ஒரு பெல்ட் முடிவதற்குள் விரல் மரத்துப்போகும். ஆனால் அது ஐஸைக் கடித்தால் விடாது.

அன்பரசன் பட்டுக்கோட்டைப் பக்கம். வந்து சேர்ந்த வருஷமே அர்பாப் முன்னால் வைத்துச் சொன்னான்.

"அண்ணே, இப்பல்லாம் ஆணியோடயே பெல்ட்டு வருதுண்ணே. கம்பெனியிலயே பதிச்சு அனுப்புறான். நாம ஓட்டை போட்டா பெல்ட்டு வலு கொறயுது. ஆணி புடுங்கிக்கிட்டா அந்த எடத்துலேர்ந்து கிழியும். வெயிட்டும் ஜாஸ்தி."

"அந்தக் கொசுக்கடி ஆணி கெட்டிப்பட்டுப்போன ஐஸ்ல என்னத்தப்பா கடிக்கும்?"

"அர்பாப்பு பாதையிலதானண்ணே ஓட்டுறாரு. ரேஸா விடுறாரு? அதுக்கு இது போதும்."

நியாயமான பேச்சுதான். நானும் அதை ஒப்புக்கொண்டேன். அர்பாப் அவன் தோளில் தட்டி, "அன்பர் கா பாத் அச்சா ஹை" என்றார், அவன் சொல்வது நல்ல யோசனை என்று. பிறகு என் பக்கம் திரும்பி, கை ஆணிப் பெட்டியைக் காட்டி, "ராக்கா, கலாஸ்" என்றார். முடிந்தது என்று அர்த்தம். அந்தக் குளிர்காலம் அன்பரசன் போனான்.

திரும்பி வந்த வெள்ளிக்கிழமை அவனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். சமையல் பார்க்கும் செய்கு அலாவுதீன் கீழக்கரைக்காரன், அவன் நாக்குக்குப் பூட்டு கிடையாது. "என்ன ராக்கப்பண்ணே, ஒங்க பனியெல்லாம் உருகிப்போச்சா? வேணும்னா நம்ம ஃப்ரீசர்ல கொஞ்சம் எடம் ஒதுக்கித் தாரேன்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அன்பரசன் மட்டும், "ஏ, அண்ணனச் சும்மா விடுங்கப்பா" என்றான். அதுதான் எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

அப்புறம் அவன் சொன்னான்: "பனிக்கு ஒரு வாசனை இருக்கு தெரியுமா? புதுசா பிரிச்ச எவர்சில்வர் பாத்திரத்த மூக்குகிட்ட வச்சா வருமே, அந்த வாசனை." கதவுப் பக்கம் இருந்தவர்கள்கூட நகர்ந்து அவன் அருகே வந்தார்கள். மூன்று குளிர்காலம் போய் வந்திருக்கிறேன், சார். பனிக்கு வாசனை உண்டென்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு என்னிடம் யாரும் மலைக் கதை கேட்கவில்லை.

நீங்கள் நினைப்பது போல நாங்கள் பகையாக இருக்கவில்லை. ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறோம். அவனுக்குக் காய்ச்சல் வந்தபோது நான்தான் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். அடுத்த குளிர்காலம் வந்ததும் அவனே அர்பாப்பிடம் போய், இந்தத் தடவை அண்ணன் போகட்டும் என்று கேட்டான். அர்பாப் கையை ஆட்டி, "மாஃபி, மாஃபி. அன்பர் வரும்" என்றார். மாஃபி என்றால் கிடையாது. அவன் என்னிடம் வந்து, "கேட்டுப் பாத்தேண்ணே" என்றான். அவனை யாரும் கேட்கச் சொல்லவில்லை.

இதோடும் விடவில்லை. எல்லோர் முன்னாலும் சொன்னான்: "அண்ணே, அர்பாப்பு வண்டிக்குக் கம்பெனி பெல்ட்டே இருக்கட்டும். ஆனா என் வண்டி பெட்ரோல் கேனு ஏத்துன சறுக்கு வண்டிய இழுத்துக்கிட்டு ஏறணும். போன தடவ ஏத்தத்துல வழுக்கிட்டே இருந்துச்சு. ஒங்க கை ஆணி போட்டுக் குடுங்க. நீங்க சொன்னதுதான் சரி."

நான் மூன்று நாள் உட்கார்ந்து போட்டேன். வழக்கத்தைவிட நெருக்கமாக, நீளமான ஆணியாகப் பார்த்துப் போட்டேன். என் கையால் செய்ததில் அதுதான் நல்ல வேலை. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், ஒரு நட்டுகூடத் தளர்வாக இருக்காது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பின்னால் ஆணி எவ்வளவு கடிக்கிறதோ, அவ்வளவு முன்னாலும் கடிக்க வேண்டும். சறுக்குப் பட்டைக்கு அடியில் கூரான கம்பி ஒன்று இருக்கும், வண்டியைத் திருப்புவது அதுதான். அது மழுங்கியிருந்து பின்னால் மட்டும் நன்றாகக் கடித்தால், ஐஸில் ஹேண்டிலை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி நேராகவே போகும். அன்பரசனுக்கு இது தெரியும். புதுக் கம்பி வரவழைத்திருந்தான். மாட்டச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தான்.

வண்டிகளைப் பெட்டியில் அடைக்கிற அன்று, கிரைண்டர் சத்தத்துக்கு நடுவே எட்டிப் பார்த்துக் கேட்டான்.

"அண்ணே, முன்னாடிக் கம்பி கலாஸா?"

"கலாஸ்" என்றேன்.

இந்த ஊர் வார்த்தை அது. வேலை முடிந்தாலும் கலாஸ், ஒரு பொருள் தேய்ந்து தீர்ந்தாலும் கலாஸ். பழைய கம்பி தேய்ந்து தீர்ந்துதான் போயிருந்தது. நான் பொய் சொல்லவில்லை. எந்த கலாஸ் என்று அவன் கேட்டிருக்கலாம்.

பழைய கம்பிக்குக் கறுப்பு பெயிண்ட் அடித்தீர்களா என்று நீங்கள் கேட்டால், ஆமாம், அடித்தேன். துரு தெரியக்கூடாது என்பதற்காக. அனுப்புகிற வண்டி பார்க்க நன்றாக இருக்க வேண்டாமா? புதுக் கம்பி எங்கள் அலமாரியில் பிரிக்காமல் இருக்கிறது. வேண்டுமானால் எடுத்துப் போங்கள்.

நான் நினைத்ததெல்லாம் இவ்வளவுதான்: எங்காவது பனியில் போய்ச் சொருகிக்கொள்வான், காலைக் கையை உடைத்துக்கொள்வான். அடுத்த வருஷம் அர்பாப் வேறு ஆளைத் தேடுவார். முதலில் சில நாள் புதுப் பனியில் ஓட்டியிருக்கிறார்கள், அதில் வித்தியாசம் தெரியாது. பிறகு ஒரு நாள் வெயிலடித்து இரவில் இறுகிவிட்டது. மறுநாள் காலை, இடது பக்கம் வளைகிற ஒரு திருப்பத்தில் அவன் வண்டி திரும்பவில்லை. வலது பக்கம் பள்ளம். அந்தத் திருப்பம் எனக்குத் தெரியும். மூன்று குளிர்காலம் அதில் போயிருக்கிறேன். மேலே அர்பாப் தங்குகிற முகாமுக்குப் போக வேறு பாதை கிடையாது, பெட்ரோல் கொண்டுபோகிறவன் தினமும் அதில் திரும்பியே ஆக வேண்டும். கையை ஒடித்துக்கொள்கிற இடம் இல்லை அது. அதுவும் எனக்குத் தெரியும்.

அவன் உடம்பு இருந்த பெட்டி ஷார்ஜாவுக்கு வந்து, இங்கிருந்துதான் ஊருக்குப் போனது. நான்தான் முன்னால் நின்று தூக்கினேன். அலாவுதீன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். நானும் அழுதேன், சார். நடிப்பு இல்லை.

போன குளிர்காலம் அர்பாப் என்னை அழைத்துப் போனார். அந்தத் திருப்பத்தில் வண்டியை நிறுத்தி இறங்கினேன். கையளவு பனியை அள்ளி மூக்கில் வைத்து இழுத்துப் பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. பாருங்கள், ஒரு அறை ஆட்களையே அவன் எப்படி ஏமாற்றியிருக்கிறான்.

நாகஜோதியிடம் சொல்லுங்கள். அவன் கண்மண் தெரியாமல் ஓட்டவில்லை. மெதுவாகத்தான் வந்தான், கடைசிவரை ஹேண்டிலை இடது பக்கம் ஒடித்துப் பிடித்திருந்தான் என்று அர்பாப்பே சொன்னார். அவன்மேல் தப்பில்லை. அது நான் செய்தது. இதை நீங்கள் யாரிடம் போய்ச் சொன்னாலும் நான் மறுக்கமாட்டேன். அவர்கள் கேட்டாலும் இதே மாதிரி, முதலிலிருந்து சொல்வேன்.

வெள்ளிக்கிழமைகளில் இப்போது அந்தத் திருப்பத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கம்பியை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் சொல்வேன். பள்ளத்தின் விளிம்பு வருகிற இடத்தில் கொஞ்சம் நிறுத்துவேன், தலையில் கை வைத்துக்கொள்வார்கள். கம்பியோடு முழுசாகக் கேட்டது நீங்கள்தான்.

டீ ஆறிப்போய்விட்டது, நீங்கள் தொடவே இல்லை. உண்மையைச் சொல்லுங்கள், சார். அன்பரசன் சொல்லியிருந்தால் இப்படி டீயை மறந்து கேட்டிருப்பீர்களா?