மூணுன்னா புதன்

ஒரு கதை சொல்றேன், கேளுங்க... சின்னதுதான். ஆனா கேட்டு முடிச்சா மதியச் சோறு இறங்காது. இதுல எனக்கும் பங்கு இருக்கு, அதையும் முதல்லயே சொல்லிடறேன்.

என் டீம்ல செல்வின்னு ஒருத்தர். கெட்டிக்காரர். அட்டவணை போடற லைப்ரரி ஒண்ணு எழுதினார்... ரெடிமேட் கோடு, யார் வேணாலும் எடுத்துத் தங்க புரோகிராம்ல சேர்த்துக்கலாம். வெளியாள் கூப்பிட்டு வேலை வாங்கறதுக்குன்னு அதுல ஒரே ஒரு ஃபங்ஷன். ஆனா அது சும்மா வேலை செய்யாது... 'உள்ள நாள் எண்ணுற பாகம் இருக்குல்ல, அதை எடுத்துக் குடு'ன்னு கேக்கும். அந்தப் பாகத்து மேல என்ன எழுதியிருந்தார் தெரியுமா? 'உள் உபயோகத்துக்கு மட்டும். வெளியார் தொடாதீங்க.'

சிரிக்கிறீங்க. நானும் அன்னைக்குச் சிரிச்சேன். "என்னய்யா இது, தொடாதேன்னும் சொல்ற, எடுத்துக் குடுன்னும் கேக்குற? அதை எடுத்துடுய்யா"ன்னேன். "அடுத்த வெர்ஷன்ல எடுத்துடலாம் சார்"ன்னார். நானும் சரின்னுட்டேன்... மூணு வருஷம் அது அப்படியே கிடந்துச்சு!

ஒரு சின்ன டவுன்ல டயாலிசிஸ் சென்டர். அங்க கம்ப்யூட்டர் வேலையெல்லாம் மரகதவல்லின்னு ஒரு அம்மாதான். யாருக்கு எந்த நாள்னு நம்ம லைப்ரரியை வச்சுத்தான் பட்டியல் போட்டாங்க. அந்த உள்பாகம் ஞாயித்துக்கிழமையைப் பூஜ்யம்னு எண்ணும். அப்ப மூணுன்னா புதன். புதன்கிழமைக்காரங்களுக்கு மூணுன்னு போட்டு வச்சாங்க.

செல்வின் ஒரு நாள் அதைத் திங்கள்கிழமையைப் பூஜ்யம்னு எண்ணும்படி மாத்தினார். உள்பாகம்தானே, யாருக்குச் சொல்லணும்? செவ்வாய் சாயங்காலம் மரகதவல்லி புது வெர்ஷனைப் போட்டாங்க. ஒரு எர்ரர் வரல. மூணு, வியாழன் ஆயிடுச்சு.

பிச்சாண்டின்னு ஒரு லாரி மெக்கானிக். அவருக்குப் புதனும் சனியும். புதன் காலைல முதல் ஆளா வந்து நிக்கிறார், முகமெல்லாம் வீங்கி. கவுன்ட்டர்ல இருந்த பொண்ணு பட்டியலைப் பார்த்துச்சு.

"உங்க பேரு இன்னைக்கு இல்லையே அண்ணே. நாளைக்கு வாங்க."

"எனக்கு எப்பவும் புதன்தானேம்மா... கடைசியாப் பண்ணி நாலு நாளாச்சும்மா."

"கம்ப்யூட்டர்ல நாளைக்குன்னுதான் இருக்கு."

திரும்பிப் போயிட்டார். மெஷின் காலியா கிடந்துச்சு. இன்னும் நாலு பேர் வந்து சண்டை போட்ட பிறகுதான் பட்டியல் தப்புன்னு புரிஞ்சுது. பதறிப்போய் பிச்சாண்டிக்குப் போன் போட்டாங்க... எடுக்கல. மறுபடி போட்டாங்க... எடுக்கல. அவர் பஸ்ல இருந்தார். தூங்குறார்னு கண்டக்டர் நினைச்சுட்டார்.

மரகதவல்லி எங்களுக்குப் போன் பண்ணினாங்க. செல்வின்தான் எடுத்தார். "தொடாதீங்கன்னு எழுதியிருந்தேனே மேடம்..."

"எழுதியிருந்தீங்க சார். நீங்க குடுத்த ஃபங்ஷனே அதைத்தானே கேட்டுச்சு? நான் வேற என்ன சார் பண்ணியிருக்கணும்?"

செல்வின் லேப்டாப்பைத் திறந்தார். நானும் பக்கத்துல உக்காந்தேன். 

அன்னைக்கே அதை எடுத்தோம். இப்ப அந்த ஃபங்ஷன் கிழமைப் பேரை மட்டும் கேக்குது. உள்ள எப்படி எண்ணினாலும் வெளியே புதன் புதன்தான். எத்தனை வரி மாத்தினோம் தெரியுமா? பதினொண்ணு. வெறும் பதினொரு வரி!

நான் சொல்றது இதுதாங்க. உள்ள வச்சுக்க வேண்டியதை வெளியே நீட்டாதீங்க. நீட்டிட்டா, அதை நம்பி ஒருத்தர் இருப்பார். 'தொடாதே'ன்னு எழுதிட்டா உங்க பொறுப்பு தீராது. நாளைக்கு ஆபீஸ் போனதும் திறந்து பாருங்க, அடுத்த வெர்ஷன்னு நீங்க தள்ளி வச்சது ஒண்ணு கிடக்கும். அதுக்கு அந்தப் பக்கம் யார் இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியாது. பிச்சாண்டின்னு ஒருத்தர் இருந்தார்ங்கறதே... அவர் உயிர் போன பிறகுதான் எனக்குத் தெரிஞ்சுது.