வாயை மட்டும் அசை

எனக்குப் பாட வராது, சார். எங்கள் வீட்டில் யாருக்குமே வராது. அதை முதலில் எழுதிக்கொண்டால் மற்றதெல்லாம் உங்களுக்குச் சுலபமாக விளங்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நாங்கள் நாலு பேர். வாத்தியம் எதுவும் இல்லாமல், பழைய இங்கிலீஷ் ராக் பாட்டுகளை நாலு குரலில் சேர்த்துப் பாடுவோம். கேசட் தேயத் தேயக் கேட்டு, தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்தவை. அர்த்தம் ஒருவருக்கும் தெரியாது. சம்பத்குமார்தான் பிரதானக் குரல். கிதார் வாங்க வக்கில்லாததால் நான் கிதார். அடிக்குரலில் ‘டும் டும்’ என்று போட வேண்டும். வீட்டில் பழகும்போது எதிர்வீட்டு நாய் கூடவே ஊளையிடும். அதற்குச் சுதி என்னைவிடச் சுத்தம்.

இருந்தாலும் மேடையில் நிற்கிற அந்தக் கால் மணி நேரம்தான் எனக்கு உயிர். மற்ற நேரமெல்லாம் ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிறவன்.

இந்த எண்பத்தெட்டாம் வருஷம் ராஜபாளையத்தில் ஒரு மில்லின் ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டார்கள். போகிற பஸ்ஸில் சம்பத் என் தோளில் கை போட்டான்.

“ஏலே ஜெகு, கோவிச்சுக்கிடாத. இன்னைக்கு நீ வாயை மட்டும் அசை, சத்தம் வேண்டாம். அடுத்த மாசத்துலருந்து நாங்க மூணு பேரு போதும்.”

அவன் சொன்னது நியாயம்தான். நானாக இருந்தால் எப்போதோ துரத்தியிருப்பேன். சிரித்தபடி தலையாட்டினேன். உள்ளுக்குள் வெந்துபோனேன்.

மழையில் மேடை நனைந்திருந்தது. மைக் செட் ஹமீது பாய் என்னிடம்தான் சொன்னார்.

“தம்பி, நடு மைக்கு ஷாக்கடிக்கு. ஒயரு எங்க நசுங்கிருக்குன்னு தேடிக்கிட்டிருக்கேன். யாரும் கையால தொட வேண்டாம், செருப்பையும் கழத்த வேண்டாம். மறக்காமச் சொல்லிருங்க.”

சொல்லத்தான் போனேன். சம்பத் ரப்பர் செருப்போடு படியில் கால் வைத்தான். மேடையில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“ஏலே, விளக்கு ஏத்திருக்காவ. செருப்போட ஏறுதியே?” என்றேன்.

நாக்கைக் கடித்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு கழற்றினான். நானும் கழற்றினேன். பக்தியில் எங்கள் குடும்பத்தை யாரும் குறை சொல்ல முடியாது.

மைக்கைப் பற்றி ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். தனி வரி வந்தால் நடு மைக்கைக் கழற்றிக் கையில் பிடிப்பது சம்பத்தின் பழக்கம். சுள்ளென்று பிடிக்கும், கையை உதறுவான், ஜனம் சிரிக்கும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். செத்துப்போவான் என்று கனவா கண்டேன்? அவன் அம்மா பத்மாசனி மாமி முகத்தில் இன்னும் விழிக்க முடியவில்லை.

நாலு நாளாக ஹமீது பாயை உள்ளே வைத்திருக்கிறீர்கள். விட்டுவிடுங்கள், சார். அவருக்காகத்தான் நானே வந்தேன். அவர் கச்சேரியைக் கேசட்டில் பதிவு செய்திருந்தார் என்பதும் இன்று காலையில்தான் தெரிந்தது.

எப்படியும் போட்டுக் கேட்பீர்கள். முதலில் எல்லோரும் ஹம்மிங். பிறகு சம்பத்தின் தனி வரி. அவன் மைக்கில் கை வைக்கும் முன்பே அதை எடுப்பது என் குரல். சுதி விலகித்தான் இருக்கும், சிரிக்காதீர்கள். சம்பத் அலறுவது அதற்குப் பிறகுதான் வரும்.