சேர்மனைக் கேள்வி கேட்டவள்

ஐயம்பேட்டையிலிருந்து காஞ்சிபுரம் வரும் ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள். மடியில் பங்குச்சந்தைப் பத்திரிகை வைத்திருந்தவள், பக்கத்தில் இருந்த தன் புருஷனின் அக்காவிடம், "போன வாரம் மிக்சி கம்பெனி சேர்மனையே கேள்வி கேட்டேன் அண்ணி," என்றாள். நான் ரோட்டைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்துகொண்டேன்.

"நீயா? தையல் கடைய வுட்டுட்டு எங்க போன?"

"எங்கயும் போகல. ஷேர் வாங்கனவங்க கூட்டத்த இப்ப போன்லயே வீடியோவுல நடத்துறாங்க. ஒரு ஷேர் இருந்தாலும் பேசலாம்னு இந்த புக்குல போட்டிருந்தான். என்கிட்டதான் பத்து இருக்குதே. முன்னாடியே பேரு குடுத்துட்டேன்."

"இன்னா கேட்ட?"

"லாபம் இல்லன்னு எங்களுக்குக் குடுக்கறத கொறைச்சீங்க, உங்க சம்பளத்த மட்டும் ஏன் ஏத்திக்கிறீங்கன்னு கேட்டேன். நடுவுல ஒரு ஆளு, இங்கிலீஷ்ல பேசுங்கன்னான். மிக்சி விக்க மட்டும் தமிழ்ல விளம்பரம் பண்றீங்களேன்னேன்."

"சேர்மன் இன்னா சொன்னாரு?"

"தமிழ்லயே காரணம் சொன்னாரு. எனக்கு ஒப்பல. எதிர்த்துதான் ஓட்டு போட்டேன்."

"அப்ப சம்பளத்த ஏத்தலயா?"

"ஏத்திக்கினாங்க. அவங்க ஓட்டுதான ஜாஸ்தி."

"அப்புறம் கேட்டு இன்னாமா பிரயோஜனம்?"

"பதில் சொன்னாருல்ல அண்ணி. கடையில நான் சம்பாதிச்ச காசெல்லாம் எங்க போச்சின்னு உங்க தம்பிய எத்தினி வருஷமா கேட்டுக்கினு இருக்கறேன்? ஒரு தபா வாயத் தொறந்திருப்பாரா?"