அவள் கூப்பிடவில்லை

எழுதுவதைவிடத் திருத்துவதுதான் எனக்குப் பிடிக்கும். கூட்டங்களில் இதைச் சொன்னால் இளைஞர்கள் ஆச்சரியப்படுகிறார்கள். எழுதும்போது எல்லாம் பயம்தான். திருத்தும்போது பயமில்லை. வேண்டியதெல்லாம் வந்தாயிற்று, வேண்டாததை எடுத்தால் போதும்.

எடுப்பதில் என் மனைவி மாதங்கிக்கு நிகர் இல்லை. டெல்லி மந்திர் மார்க்கில் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள். என் முதல் ஐந்து நாவல்களையும் அவள்தான் திருத்தினாள். பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று இழுப்பாள், அந்த வரி போய்விடும். ஏன் என்று கேட்டால், "இது கதைக்காக எழுதினது இல்லை. உங்களுக்குத் தெரியும்னு காட்டிக்க எழுதினது" என்பாள். சரியாகத்தான் இருக்கும். அவள் ஒருபோதும் எதையும் சேர்த்ததில்லை. சேர்ப்பது எழுதுகிறவர் வேலை, வெட்டுவது என் வேலை என்று வைத்துக்கொண்டிருந்தாள்.

நான் மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசராக இருந்தேன். கிட்வாய் நகரில் குவார்ட்டர்ஸ். பிள்ளைகள் அபினவும் ஷ்ரேயாவும் டெல்லியில் பிறந்தவர்கள். தமிழ் பேசுவார்கள், படிக்க வராது. புத்தக அட்டையில் என் பெயர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஷ்ரேயா விரலால் தடவிக் கண்டுபிடிப்பாள். "அப்பா, இதுல நான் இருக்கேனா?" என்று கேட்பாள். "அடுத்ததில் இருப்பாய்" என்பேன். எங்கள் வீட்டில் என்னைப் படிக்கக்கூடியவள் மாதங்கி ஒருத்திதான். எழுதுகிறவனுக்கு அது எவ்வளவு பெரிய பாக்கியம், எவ்வளவு பெரிய ஆபத்து என்று அப்போது தெரியவில்லை.

ஷ்ரேயா கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது டெங்குவில் இறந்துபோனாள். மழை முடிந்து கொசு பெருகிய காலம். அதற்கு அடுத்த வருஷம் நாங்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம். அந்தக் கட்டடத்தையே பிறகு இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே உயரமான அடுக்குமாடிகள். எங்கள் வீடு இருந்த இடத்தைக் காட்டச் சொன்னால் என்னால் காட்ட முடியாது.

ஆறாவது நாவல் ஷ்ரேயாவைப் பற்றியது. பத்து வருஷத்துக்கு மேல் எழுதினேன். ஏன் முடிக்கவில்லை என்று சென்னையிலிருந்து என் பதிப்பாளர் கௌதமன் மாதாமாதம் போனில் கேட்பார். முடித்துவிட்டால் அவள் இன்னொரு முறை போய்விடுவாள் என்பதைப் போனில் எப்படிச் சொல்வது? அதனால் திரும்பத் திரும்ப அவளைப் பள்ளிக்கு அனுப்பினேன். கரோல் பாக்கில் அவளுக்குச் செருப்பு வாங்கினேன். காது குத்திய அன்று அவள் அழுத அழுகையை மட்டும் ஏழெட்டு விதமாக எழுதினேன். ஒவ்வொரு விதத்திலும் அவள் அழுது முடித்ததும் என் மடியில் வந்து உட்கார்ந்தாள்.

கடைசி அத்தியாயம் இப்படி. பெண்ணுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. அம்மா பள்ளிக்குப் போயிருக்கிறாள். அப்பா பக்கத்து அறையில் இருக்கிறார். பெண் சத்தமில்லாமல் மயங்கி விழுகிறாள். அப்பா ஏதோ உள்ளுணர்வில் எழுந்து வருகிறார், பார்க்கிறார், அவளைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் ஓடுகிறார். ஆட்டோக்காரர்கள் நிற்க மாட்டேன் என்கிறார்கள். ஒரு ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை என்கிறார்கள். இன்னொன்றை நோக்கி ஓடுகிறார். வழியிலேயே அவள் மூச்சு நின்றுவிடுகிறது. அதை எழுதிய அன்று என் இடது தோள் உண்மையாகவே வலித்தது. அவள் கன்னத்தின் சூடு சட்டைக்குள் இறங்கியது. இன்றும் அந்தத் தோள் குளிர் காலத்தில் வலிக்கிறது.

பிரிண்ட் எடுத்து மாதங்கியிடம் கொடுத்தேன். எல்லா அத்தியாயங்களிலும் வழக்கம்போல வெட்டியிருந்தாள். கடைசி அத்தியாயத்தில் ஒரு கோடுகூட இல்லை. அதற்குப் பதிலாக, பெண் மயங்கி விழும் இடத்தில், ஓரத்தில் ஒரு வரியைச் சேர்த்திருந்தாள். என் எழுத்தில் அவள் சேர்த்த முதல் வரி.

"அப்பா, கொஞ்சம் வாயேன்" என்று அவள் கூப்பிட்டாள்.

நான் மாதங்கியைப் பார்த்தேன். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அவ கூப்பிட்டா," என்றாள்.

"இது நாவல், மாதங்கி."

"தெரியும். நீங்க தூக்கிண்டு ஓடினதா எழுதிக்கோங்கோ. ஆஸ்பத்திரில இடம் இல்லைன்னு எழுதிக்கோங்கோ. எவ்வளவு வேணா எழுதிக்கோங்கோ, நான் ஒண்ணும் சொல்லலை. அவ கூப்பிடலைன்னு மட்டும் எழுதாதீங்கோ."

"உனக்கு எப்படித் தெரியும்? நீதான் வீட்டிலேயே இல்லையே."

"ஆஸ்பத்திரில அவளே சொன்னா. 'அப்பாவக் கூப்பிட்டேன்மா, அப்பா பிஸி'ன்னா. உங்க மேல கோபமில்லாமதான் சொன்னா."

அத்தனை வருஷம் அதைச் சொல்லாமல் என்னோடு வாழ்ந்திருக்கிறாள். எனக்கு காபி போட்டிருக்கிறாள், என் பிரஷர் மாத்திரையை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அதை நினைத்தபோது அவள் மேல் எனக்கு இரக்கம் வந்தது.

நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மறைக்க எதுவும் இல்லை. அன்று நான் லீவு போட்டுவிட்டு ஐந்தாவது நாவலை முடித்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பக்கங்கள். ஷ்ரேயா கூப்பிட்டாள். வயிறு வலிக்கிறது என்றாள். "இந்தப் பாராவ முடிச்சுட்டு வரேம்மா" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை கூப்பிட்டாள். கவனம் கலைந்ததால் எழுந்துபோய் என் அறைக் கதவைச் சாத்தினேன். காய்ச்சல்தான் இறங்கிவிட்டதே. காய்ச்சல் இறங்கும்போதுதான் டெங்குவில் ஆபத்து என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பாரா நன்றாக வந்தது. பஸ் நிறுத்தத்தில் ஒரு கிழவர் குடையை மடக்குகிற காட்சி. அதற்குப் பிறகு அடுத்த பாராவும் தானாகவே வந்தது, அதற்கடுத்ததும். நான் வெளியே வந்தபோது அவள் குளியலறை வாசலில் கிடந்தாள். கை கால் சில்லிட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் உடனே சேர்த்துக்கொண்டார்கள். படுக்கை இருந்தது. இரண்டு நாள் முயன்றார்கள். இவ்வளவு தாமதமாகவா கொண்டுவருவது என்று ஒரு இளம் டாக்டர் கேட்டாள். மாதங்கி அப்போது பக்கத்தில் இல்லை.

அந்தக் குடைப் பாராவை நான் பிற்பாடு வெட்டிவிட்டேன். நாவலுக்கு அது தேவைப்படவில்லை.

மாதங்கி ஓரத்தில் எழுதியதை ரப்பரால் அழித்தேன். மறுநாள் அதே வரி அதே இடத்தில் இருந்தது. மறுபடி அழித்தேன். மறுபடி எழுதினாள். இதைப் பற்றி நாங்கள் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. சாப்பிட்டோம், டிவி பார்த்தோம், கீழே போய்ப் பால் வாங்கி வந்தோம். தாள் அந்த இடத்தில் மட்டும் மெலிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிந்தது. கடைசியில் அவள் சொன்னாள்: "அந்த வரி இல்லாம அனுப்பினா, கௌதமனுக்கு நானே போன் பண்ணிச் சொல்லுவேன். ஊருக்கெல்லாம் தெரியட்டும்."

அந்த வாரமே அவளுக்குப் பக்கவாதம் வந்தது. காலையில் பல் தேய்க்கும்போது சரிந்தாள். நான் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் அலட்சியமான மனிதன் இல்லை. இவ்வளவு சீக்கிரம் கொண்டுவந்ததால்தான் உயிர் பிழைத்தாள் என்று டாக்டரே சொன்னார்.

வலது கையும் காலும் விளங்காமல் போயின. பேச்சும் போய்விட்டது. மற்றபடி எல்லாம் புரியும். வீட்டுக்கு வந்து பேச்சுப் பயிற்சி கொடுக்க ஸ்வப்னா என்ற பெண்ணை அபினவ் ஏற்பாடு செய்தான். அவன் குர்கானில் வேலை பார்க்கிறான். ஸ்வப்னா டெல்லித் தமிழ்ப் பெண், கெட்டிக்காரி. "முதல் ஆறு மாசம் ரொம்ப முக்கியம் அங்கிள். இப்ப விட்டா அப்பறம் கஷ்டம்" என்றாள். மாதங்கியைப் பாடவைத்தாள். பேச வராதவர்களுக்குக்கூடப் பாட வருமாம். மாதங்கியும் பாடினாள். பிறகு "தண்ணி" என்றாள். "போறும்" என்றாள். நான் மகிழ்ச்சியோடு அபினவுக்குப் போன் செய்து சொன்னேன். உண்மையாகவே மகிழ்ச்சிதான்.

ஒருநாள் ஸ்வப்னா சமையலறைக்கு ஓடிவந்தாள். "அங்கிள், ஜல்தி வாங்க. ஆன்ட்டி புதுசா ஒரு வார்த்தை ட்ரை பண்றாங்க."

மாதங்கி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் உதடுகளைக் குவித்தாள். "கூ... கூப்..."

"யாரைக் கூப்பிடணும் ஆன்ட்டி? அபினவ் பையாவையா?"

மாதங்கி தலையை ஆட்டினாள். இல்லை என்று. கண்களை என்னிடமிருந்து எடுக்கவில்லை. "கூப்... டா," என்றாள்.

"அச்சா, வெரி குட்," என்று ஸ்வப்னா கைதட்டினாள். "அடுத்த வாரம் இடது கையால எழுதவும் ஆரம்பிக்கலாம் அங்கிள். ஆன்ட்டி டீச்சர் இல்லையா, சட்டுனு வந்துடும்."

அவளுக்கு காபி கொடுத்து அனுப்பினேன். அடுத்த முறை வந்தபோது, சிகிச்சைக்காக மாதங்கியைச் சென்னைக்கு அழைத்துப் போகப்போகிறோம் என்றேன். அவள் வருத்தப்பட்டாள். போகும்போது மாதங்கியின் காலைத் தொட்டு வணங்கினாள். மாதங்கி அவள் துப்பட்டாவை இடது கையால் பிடித்துக்கொண்டு விடவில்லை. நான்தான் விரல்களைப் பிரித்துவிட்டேன். மெதுவாகத்தான்.

அபினவிடம் வேறு விதமாகச் சொன்னேன்.

"டாக்டரே நிறுத்தச் சொன்னாராப்பா?"

"ரொம்பச் சிரமப்படறா. இதுக்கு மேல முன்னேற்றம் இருக்காதுங்கறார்."

"வேற யாரையாவது பாக்கலாமா?"

"அவள நிம்மதியா விடு."

பிறகு, "நீங்க கூடவே இருக்கேளே, அது போறும்பா," என்றான்.

வீட்டிலிருந்த பென்சில்களை எல்லாம் எடுத்துப் பூட்டினேன். கை சரியாகக் கட்டுப்படாத நிலையில் கண்ணில் குத்திக்கொண்டால் என்ன செய்வது? அவளுடைய போனையும் அணைத்து வைத்தேன். டாக்டர் ஓய்வு வேண்டும் என்று சொல்லியிருந்தார். அவளைக் குளிப்பாட்டினேன், தலை பின்னினேன், ரசம் சாதத்தைக் குழைத்து ஊட்டினேன். எந்தப் பெண்ணும் என்னைவிட நன்றாகப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள் என்று மாடி வீட்டு அம்மாள் சொல்கிறார். சில சமயம் சாப்பாட்டின் நடுவே மாதங்கி "கூ" என்று ஆரம்பிப்பாள். அடுத்த கவளத்தை வாயில் கொடுத்துவிடுவேன். நாளடைவில் அது நின்றுபோயிற்று.

அதன் பிறகு நாவல் வேகமாக முடிந்தது. முடிக்கும்போது எப்படி இருந்தது என்று கேட்கிறார்கள். கடைசி வரியை எழுதிவிட்டு மேஜைமேல் தலையைக் கவிழ்த்து அழுதேன். ஷ்ரேயா என் தோளிலிருந்து இறங்கிப்போன மாதிரி இருந்தது. இனி எந்தத் தாளிலும் அவள் வந்து என் மடியில் உட்கார மாட்டாள். அந்தத் துக்கம் பொய் இல்லை. என்னைப் பற்றி வேறு எதை வேண்டுமானாலும் சந்தேகப்படுங்கள்.

கௌதமன் படித்துவிட்டுப் போன் செய்தார். அவரும் அழுதிருந்தார். "ஒரு இடம் மட்டும் இடிக்குது சார். பக்கத்து ரூம்லதான் அப்பா இருக்காரு. அந்தப் பொண்ணு ஏன் ஒரு தடவைகூடக் கூப்பிடலை?"

நல்ல எடிட்டர். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னேன்: "அது அவள் சுபாவம். அப்பா வேலை செய்யும்போது தொந்தரவு பண்ண மாட்டாள்."

"அப்ப அதை ஒரு வரியாச் சேத்துடுங்க சார். மனசைப் பிசையும்."

சேர்த்தேன். வாசகர்கள் அதிகம் அடிக்கோடிட்டு அனுப்புவது அந்த வரியைத்தான்.

புத்தகம் வந்ததும் முதல் பிரதியை மாதங்கிக்கு வாசித்துக் காட்டினேன். கடைசி அத்தியாயம் வந்தபோது அவள் என் மணிக்கட்டை இடது கையால் பிடித்தாள். நகம் பதிந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. பக்கவாதம் வந்தவர்களுக்குக் காரணமில்லாமலே கண்ணீர் வரும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருக்கிறார். துடைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து வாசித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அபினவ் வந்தான். புத்தகத்தைப் புரட்டினான். படிக்கத் தெரியாததால் அட்டையை மட்டும் வெகுநேரம் பார்த்தான். அட்டையில் ஷ்ரேயாவின் சின்ன வயதுப் படம். மாதங்கியின் முன்னால் மண்டியிட்டு, "அம்மா, ஷ்ரேயா கதை. பிடிச்சுதாம்மா?" என்று கேட்டான். மாதங்கி அவன் முகத்தைப் பார்த்தாள். வாய் திறந்தது. தொண்டைக்குள் ஏதோ புரண்டது. ஒலி மட்டும் வந்தது. சொல் வரவில்லை.

"என்னப்பா சொல்றா?" என்று அபினவ் என்னைக் கேட்டான்.

"பிடிச்சிருக்குன்னு சொல்றா," என்றேன்.

அவன் அவள் மடியில் முகத்தைப் புதைத்து அழுதான். நான் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

வெளியீட்டு விழாவுக்கு அவளைச் சக்கர நாற்காலியில் அழைத்துப்போய் முதல் வரிசையில் உட்காரவைத்தேன். பட்டுப் புடவை நானே கட்டிவிட்டேன். புத்தகத்தை அவளுக்குத்தான் சமர்ப்பணம் செய்திருக்கிறேன். மேடையில் அதைச் சொன்னபோது எல்லோரும் எழுந்து நின்று அவளைப் பார்த்துக் கைதட்டினார்கள். மாதங்கி கண்டிப்பான எடிட்டர், என் எந்தப் புத்தகமும் அவளிடமிருந்து கோடு வாங்காமல் தப்பியதில்லை என்றேன். சிரித்தார்கள். பிறகு மனதிலிருந்ததைச் சொன்னேன். இந்த ஒரு புத்தகத்தில்தான், இத்தனை வருஷத்தில் முதல் முறையாக, அவள் ஒரு குறையும் சொல்லவில்லை.