இஞ்சரும்

— இஞ்சரும், அந்த ஆணியை நேரா இழுக்காதேயும். டென்ட் கிழிஞ்சுபோகும். சரிச்சுப் பிடிச்சு ஆட்டி எடும்.

— நீங்கள் வாயை மூடிக்கொண்டு கதிரையில இருங்கோ. தொண்டை கிடக்கிற கிடையில டென்டைப் பற்றிக் கவலை.

— வியாழக்கிழமை டொக்டர் கட்டியோட சேர்த்துக் குரலையும் வெட்டி எடுத்துப்போடுவார். பிறகு வாயை மூடிக்கொண்டுதானே இருக்கப்போறன். அதுவரைக்கும் ஆசைதீரக் கதைக்கிறன், விளங்குதே?

— விளங்குது. ஆனா கொழும்பில வெளிக்கிடேக்க இப்பிடி அடைக்கேல்லை. மிரிஸ்ஸயில காலமை எழும்பேக்க கரகரத்தது. இஞ்ச தங்காலையில காத்துத்தான் வருகுது.

— கடல்காத்து ஒத்துக்கொள்ளேல்லை.

— ஓமோம், கடல்காத்து.

— அதை விடும். கடையில தண்ணி கேட்டீரே?

— கேட்டனான். நீங்கள் சொல்லித்தந்த மாதிரியே சிங்களத்தில, 'வத்துர போத்தல் தெகக் தென்ன' எண்டு. அந்த மனிசி சிரிச்சுப்போட்டுத் தமிழில 'ரெண்டா?' எண்டு கேட்டுது.

— அப்ப பாஸ். வெள்ளவத்தையில இத்தனை வருசம் இருந்தும் பொலிசுக்கும் பாங்குக்கும் ஆட்டோக்காரனுக்கும் என்னைத்தானே முன்னுக்குத் தள்ளிவிட்டனீர். இனி நீர்தான் எனக்கும் சேர்த்துக் கதைக்கவேணும், விளங்குதே?

— நீங்கள் பக்கத்தில நிண்டியள். எனக்கென்னத்துக்குச் சிங்களம்?

— கலியாணம் கட்டின புதுசில கேட்டீர், கடற்கரை வழிய போய் டென்ட் அடிச்சுப் படுப்பம் எண்டு. சண்டை, செக்பொயின்ட், லீவு இல்லை, பிள்ளையள் சின்னன் எண்டு சொல்லிச் சொல்லியே காலம் போட்டுது. இப்ப கூட்டிக்கொண்டு வந்து உமக்குச் சிங்களம் படிப்பிக்கிறன். எனக்குக் கவலையாக் கிடக்கு.

— கவலைப்பட்டது காணும். பின்னேரம் வீட்ட போயிடுவம். அதுக்கு முதல் எனக்கு ஒண்டு வேணும்.

— என்ன?

— ஆஸ்பத்திரியில நான் மிஸிஸ் தயாபரன். உங்கட தங்கச்சிக்கு மச்சாள். பிள்ளையளுக்கு அம்மா. உங்களுக்கு இஞ்சரும். எங்கட அம்மா போன பிறகு என்னை மேனுகா எண்டு கூப்பிட ஒருத்தரும் இல்லையப்பா. நீங்கள் மிஞ்சினாக் காணும் எண்டுதான் முதல் நினைச்சனான். இப்ப ஆசை கூடிப்போச்சு. ஒருக்கா என்ர முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ.

— இந்த வயசிலயோ? கலியாணம் கட்டி வந்த அண்டைக்கு, அம்மாவுக்கு முன்னால பேர் சொல்ல வெக்கப்பட்டு இஞ்சரும் எண்டனான். அதுவே பழகிப்போச்சு.

— மாமி போயும் எவ்வளவு காலம். இஞ்ச ஆர் நிக்கினம்? ஒரு நண்டுகூட இல்லை.

— பொறும். மே...

— சொல்லுங்கோ.

— மே... ஏலாமக் கிடக்கு. உம்மட கண்ணைப் பாத்தாச் சத்தம் வருகுதில்லை. இனி வராது போல. இஞ்சரும், அழாதேயும். என்னில கோவமோ?

— கோவமில்லையப்பா. நான் நித்திரை எண்டு நினைச்சு ராவு ராவாத் தண்ணிக்கரைக்குப் போய், தொண்டை கிழிய மேனுகா, மேனுகா எண்டு கூப்பிட்டுப் பழகினியள். ஒவ்வொருக்காலும் நான் டென்டுக்குள்ள கிடந்து ஓம் எண்டு சொல்லிக்கொண்டுதான் இருந்தனான்.