கிணத்துக்குள்ள கட்டுன பாட்டு

அண்ணன் இல்ல, வாத்தியாரய்யா. கருப்பட்டி ஏத்தணும்னு பண்டகசாலைக்குப் போயிருக்காவ. மதினியும் ஸ்ரீவைகுண்டத்துக்குப் போயிட்டா. அந்தப் பெஞ்சுல உக்காருங்க. தாகமா இருந்தா முத்தத்துப் பானையில மோந்துக்கிடுங்க. நான் வந்து தர முடியாது.

நான் யாரா? அவங்க தங்கச்சி, சங்கரம்மா. கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தே பேசுதேன், தப்பா நெனைக்காதீய.

ஒங்க நாடகத்துல பாடுத அந்த அலைப் பாட்டுக்கு மூணாவது அடி கேட்டுத்தான வந்திருக்கீய? இந்தா தாரேன், அந்தா தாரேன்னுதான் அண்ணன் சொல்லுவாவ. எப்படித் தருவாவ? அவங்க கட்டுன பாட்டா இருந்தாத்தான?

சிரிக்காதீய. அலையே, நீ திரும்பி வாரே, அவன் மட்டும் ஏன் வரல்ல... இது என் வாயில வந்ததுய்யா. எங்க வீட்டுக்காரரு கொழும்புல கடை வச்சிருந்தாரு. வெள்ளக்காரன் சண்டைக் காலத்துல காச்ச கண்டு அங்கனயே போயிட்டாரு. கடைசியா மொகத்தக்கூடப் பாக்கல்ல. அண்ணன் என்னயக் கூட்டியாந்து இங்கன வச்சாவ. தெருவுல நின்னா ஊரு பேசும், கோயிலுக்குப் போனா ஊரு பேசும். பொறவு எனக்கு அடுப்படியும் கிணத்தடியுந்தான்.

அது பொதுக்கிணறு. நடுவுல சொவரு, பாதி எங்களுக்கு, பாதி பக்கத்து வீட்டு ஹில்டாவுக்கு. அவ வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போறவ. அவ வீட்டுக்காரரு ரோச், தோணி ஓட்டுதாரு. ஒரு நாளு கயிறு அறுந்து என் வாளி உள்ள விழுந்துட்டு. வாளிய எடுக்கப் பாதாளக்கரண்டிக்கு யார்ட்டப் போயிக் கேக்க? தன்னால பொலம்பிட்டு நிக்கேன். ஏளா, அழாத, நான் எடுத்துத் தாரேன்னு தண்ணிக்குள்ள இருந்து ஒரு கொரலு. பேயோன்னு நெனச்சிட்டேன்! பாத்தா, அந்தப் பக்கம் குனிஞ்சு நின்னு அவ பேசுதா, கிணத்துக்குள்ள சுத்தி இங்கன கேக்கு.

அப்படித்தான் பழக்கம். நேருக்கு நேரு பாத்ததே இல்லய்யா. தண்ணியில அவ நெழலு தெரியும், என் நெழலு அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

அவட்ட ஆர்மோனியப் பெட்டி உண்டு. மாதா கோயில் திருநாளைக்கு நாடகம் போடுதோம், மெட்டு இருக்கு, பாட்டு இல்லன்னா. மகன் கடல்ல போயிட்டான், தாய்க்காரி கரையில நிக்கா, கடலப் பாத்து என்ன கேப்பா, சொல்லுன்னா. வாளியப் பிடிச்சிட்டே அந்த வரியச் சொன்னேன். அந்தப் பக்கத்துல இருந்து ஆர்மோனியம் மெள்ள வந்துது.

சண்டையும் உண்டு. ஏளா, வார்த்த நீளமா நிக்கி, வெட்டுங்கா. வெட்ட மாட்டேன், நீ மெட்ட இழுன்னேன். ரெண்டு நாளு பேசல்ல. மூணாம் நாளு அவளே இழுத்து வாசிச்சுக் காட்டுனா. அந்த எடத்துலதான் ஒங்க நாடகத்துல சனம் அழுததாம்லா?

திருநாள்ல அதக் கேட்டுட்டு, எழுதுன ஆள நீங்க தேடுனீய. ஹில்டா இந்த வீட்டக் காட்டிவிட்டா. வாசல்ல அண்ணன் நின்னாவ, நான்தான்னுட்டாவ. ஒங்க நாடகக் கம்பெனி நோட்டீசுல அண்ணன் பேரத்தான் வன்னியபெருமாள்னு கொட்ட எழுத்துல போட்டிருக்காமே. ஹில்டாவுக்குப் பொறுக்கல்ல. நடுத்தெருவுல நின்னு, இது சங்கரம்மா பாட்டுன்னு கத்திட்டா. அன்னைக்கே எங்க பக்கத்துக் கிணத்துக்கு மேல பலகை அடிச்சு மூடியாச்சு. இப்பம் தண்ணிகூட மதினி கொண்டாந்து வச்சாத்தான்.

மூணாவது அடியா? இருக்கு. மூடுததுக்கு முந்தியே ரெண்டு பேரும் கட்டி முடிச்சிட்டோம். ஒங்களுக்குத்தான் பாடுவேன், ஆனா இங்கன இல்ல.

வெளிய வந்து பாடச் சொல்லுதீயளா? வாரேனே. நீங்க நிமிந்து பாக்கல்ல போல. பூட்டு ஒங்க பக்கந்தான் தொங்குது, சாவி அண்ணன் இடுப்புல. நாதாங்கி துருப்பிடிச்சதுதான். பானைக்குப் பக்கத்துல அம்மிக்கொழவி கெடக்கும், ரெண்டு போடு போட்டா விட்டுரும். இன்னைக்கு ரோச் தோணி கொழும்புக்குப் பாய் விரிக்கி. ஹில்டாவும் போறா. எனக்கும் எடம் இருக்குன்னு காலையில கொல்லச் சொவத்தத் தட்டிச் சொல்லிட்டுப் போனா. அங்கன நாங்க ரெண்டு பேரும் ஒரு முழு நாடகமே கட்டப் போறோம். துறைமுகம் வரைக்கும் தொணைக்கு வாங்க, நடந்துட்டே பாடிருதேன்.

மெள்ளப் போடுங்க, வாத்தியாரய்யா. பக்கத்துக் கடையில ஆளு இருக்கு.